காற்றில் கோட்டை விடும் மலைச் சைக்கிள்கள்

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் சைக்கிள் மலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது? பழுது பெரும்பாலும் இரும்பில் இல்லை. டயரிலும் ஷாக்கரிலும் அடைக்கும் காற்றில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 29. பாரீசை அடுத்த எலான்கூர் குன்றில் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் போட்டி. நடப்புச் சாம்பியனான பிரிட்டனின் டாம் பிட்காக் பாதிப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது முன் சக்கரம் பஞ்சர். சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் சுமார் 40 வினாடி பறிபோனது. விடாமல் துரத்திய அவர், கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தி 9 வினாடி வித்தியாசத்தில் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். முதல் நாள் நடந்த பெண்கள் போட்டியில் நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸெவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு டயர் காற்று இறங்கியது. கிடைத்தது நான்காம் இடம்.

இந்தப் பஞ்சர்களுக்குக் காற்றழுத்தம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உலகின் தலைசிறந்த வீரர்களே இப்படி ஓர் அபாயத்தின் விளிம்பில் ஓட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. டயரில் காற்று குறைந்தால் பிடிப்பு கூடும். கொஞ்சம் அதிகமாகக் குறைந்துவிட்டால் பாறை நேராக ரிம்மில் இடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில பிஎஸ்ஐ அழுத்தம்தான். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு என்ற கணக்கு.

இந்தக் கணக்கு இப்போது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இமாசலப் பிரதேச மலைகளில் 2005இல் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா பந்தயம் பல நாட்கள் நீளும் மலைப் பந்தயங்களுக்கு வழி காட்டியது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. மணாலியில் ஜீப்பில் ஏறி, ரோதாங் கணவாயிலிருந்து சைக்கிளில் இறங்குவது சுற்றுலாப் பயணிகளுக்குக் கூட வாடிக்கையாகிவிட்டது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிள்கள் பெருநகரக் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் காற்றடிக்கும் பழக்கம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

கட்டைவிரல் சோதனை

இந்தியாவில் சைக்கிள் டயர் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும். மெக்கானிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், அமுங்காவிட்டால் திருப்தி. பால் கேனும் அரிசி மூட்டையும் சுமந்து தார்ச் சாலையில் ஓடிய சைக்கிளுக்கு அது சரியான வைத்தியம். அதே வைத்தியத்தை மலைத்தடத்தில் ஓடும் அகலமான டயருக்குச் செய்தால் விபரீதம். கல் மாதிரி இருக்கும் டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் ஏறிக் குதிக்கிறது. ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே தள்ள வேண்டிய சக்தி மேலே தூக்குவதில் வீணாகிறது. கரடுமுரடான தரையில் சற்று மென்மையான டயர்தான் வேகமாக உருள்கிறது என்பது பலருக்கு நம்ப முடியாத உண்மை.

மலைச் சைக்கிளின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1970களில் கலிபோர்னியாவின் மேரின் கவுன்டியில் சில இளைஞர்கள் ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஒரு முறை இறங்கினாலே பிரேக் சூட்டில் பின் ஹப்பின் கிரீஸ் உருகிப் போகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976இல் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்தச் சைக்கிள்களில் ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது குண்டான பலூன் டயரும் அதிலிருந்த குறைந்த காற்றும்தான். முதல் சஸ்பென்ஷன் டயரே. எண்ணெயும் காற்றும் அடைத்த சஸ்பென்ஷன் பரவலானது ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989இல் தனது முன் ஃபோர்க்கை விற்கத் தொடங்கிய பிறகுதான்.

இன்றைய கணக்கு என்ன? சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.3 அங்குல அகல டியூப்லெஸ் டயரில் ஓட்டினால் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். உடல் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல் விழுவதால் பின்னுக்கு 2 அல்லது 3 பிஎஸ்ஐ கூடுதல். டியூப் போட்டிருந்தால் இன்னும் ஏழெட்டு பிஎஸ்ஐ ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும். வளைவில் டயர் பக்கவாட்டில் மடிந்து நெளிந்தால் காற்று குறைவு. பொடிக்கற்களில் சக்கரம் தத்தளித்தால் அதிகம்.

அமிழ வேண்டிய அளவு

அடுத்தது பின் ஷாக்கர். நல்ல மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் சுருள் கம்பிக்குப் பதில் காற்றே ஸ்பிரிங் வேலை செய்கிறது. இதில் முதல் விதி: ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததுமே ஷாக்கர் ஓரளவு அமிழ வேண்டும். மெக்கானிக்குகளின் பாஷையில் இதற்கு 'ஸேக்' என்று பெயர். அமிழாமல் விறைத்து நிற்பதுதான் நல்லது என்று நினைப்பது தவறு. சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போவது போல, பள்ளம் வரும்போது கீழே இறங்கித் தரையைத் தொடவும் வேண்டும். அப்படி இறங்குவதற்கான இடம்தான் அந்த அமிழ்வு.

எவ்வளவு அமிழ வேண்டும் என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. ஏற்றமும் இறக்கமுமான கிராஸ்கன்ட்ரி பந்தயத்துக்கு 20 முதல் 25 சதவீதம். பொதுவான மலைத்தடங்களுக்கு 25 முதல் 30. செங்குத்தான இறக்கத்துக்கு மட்டும் என்றால் 30 அல்லது அதற்குச் சற்று மேல். ஷாக்கரின் தண்டு மொத்தம் 55 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்றால் 30 சதவீதம் என்பது 16, 17 மில்லிமீட்டர். தண்டின் மேல் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் அளவுகோல்.

காற்று அதிகமானால் பின் சக்கரம் கற்களின் மேல் துள்ளும். ஏற்றத்தில் பிடிப்பு போகும். குறைந்தாலோ சைக்கிளின் பின்பாகம் உட்கார்ந்துவிடும். ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும், பெடல் பாறையில் இடிக்கும், பெரிய பள்ளத்தில் ஷாக்கர் அடிமட்டம் வரை போய் 'டக்'கென்று முட்டும்.

காற்றுக்கு அடுத்து எண்ணெய். அமிழ்ந்த ஷாக்கர் எந்த வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் எண்ணெய் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் ரீபவுண்ட் திருகு அதற்குத்தான். திரும்பும் வேகம் அதிகமானால் சைக்கிள் ஓட்டுபவரை ஹேண்டில்பாருக்கு மேலே உதைத்துத் தள்ளப் பார்க்கும். மிகவும் மந்தமானால் ஒரு கல்லிலிருந்து மீள்வதற்குள் அடுத்த கல் வந்துவிடும். ஷாக்கர் படிப்படியாக அமிழ்ந்து இறுகிப்போகும். ஷாக்கரில் காற்றைக் கூட்டினால் ரீபவுண்டையும் கொஞ்சம் மந்தமாக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தலைகீழ் வைத்தியம்

டயர், ஷாக்கர் இரண்டுமே ஸ்பிரிங்தான். ஒன்றின் மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. சின்னக் கற்களை டயர் விழுங்க வேண்டும், பெரிய அடிகளை ஷாக்கர் வாங்க வேண்டும். டயரின் துள்ளலை அடக்க அதற்குள் எண்ணெய் கிடையாது. இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். டயரில் 40 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு, சைக்கிள் உலுக்குகிறது என்று ஷாக்கரிலிருந்து காற்றைத் திறந்து விடுகிறார்கள். உலுக்கல் நிற்பதில்லை. ஷாக்கர் அடிமட்டம் தட்டுவதுதான் புதிதாகச் சேருகிறது. ரிம், ஷாக்கர், முதுகெலும்பு மூன்றுக்கும் கேடு. எனவே வரிசை முக்கியம்: முதலில் டயர், பிறகு அமிழ்வு, கடைசியில் ரீபவுண்ட்.

இமயமலையில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே சுமார் 9 பிஎஸ்ஐதான். வெளியிலிருந்து அழுத்தும் காற்று குறைவதால் டயருக்குள் இருக்கும் அதே காற்று அதிக விறைப்பைத் தருகிறது. கடலோர ஊரில் 22 பிஎஸ்ஐ அடித்த டயர், வெப்பநிலை மாறாவிட்டால், ரோதாங்கில் 27க்கு மேல் காட்டும். குளிர் எதிர்த்திசையில் இழுக்கும்: சுமார் 8 டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தாலும் டயர் விறைப்பாகவே இருக்கும். உச்சியில் சரிசெய்துவிட்டு மணாலிக்கு இறங்குபவருக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைந்துபோகும். 180 பிஎஸ்ஐ உள்ள ஷாக்கருக்கு இது கொசுக்கடி. 22 பிஎஸ்ஐ டயருக்கோ பத்தில் ஒரு பங்கு வரை மாற்றம். எனவே மலையில் அடிக்கடி அளக்க வேண்டியது டயரைத்தான்.

'டபுள் ஷாக்கர்' மாயை

லட்ச ரூபாய் சைக்கிள் வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பின் சஸ்பென்ஷன் மோகம் சாதாரண வீடுகளிலும் புகுந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் மலிவான 'டபுள் ஷாக்கர்' சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது வெறும் சுருள் ஸ்பிரிங். துள்ளலை அடக்க எண்ணெய் கிடையாது. திருகினால் சுழலும் வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்குமே தவிர, திரும்பும் வேகத்தை மாற்றாது. மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் சைக்கிள் ஊஞ்சலாடும், பிள்ளையின் உழைப்பில் ஒரு பகுதி ஸ்பிரிங்குக்குப் போகும். எடையும் கூடுதல். தார்ச் சாலைக்கு ஸ்பிரிங் இல்லாத சைக்கிளும் சற்று அகலமான டயரும் எவ்வளவோ மேல்.

உண்மையான மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தேவைப்படும் கூடுதல் முதலீடு இரண்டு கருவிகள்: குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் டயர் கேஜ், ஷாக்கருக்கான தனி கைப்பம்ப். பெட்ரோல் பங்க் காற்று ஷாக்கருக்கு உதவாது. நூறு பிஎஸ்ஐக்கு மேல் காட்டும் சாதாரணக் கால்பம்பின் முள்ளை நம்பி 22ஐ அளப்பது, அரிசி மூட்டைத் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

கால் மணி நேர வேலை

* டயர்: நிழலில், ஓட்டுவதற்கு முன் அளக்கவும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பிஎஸ்ஐ வீதம் குறைத்துப் பார்க்கவும். ரிம் தரையில் இடித்தால் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றி நிறுத்தவும். டியூப்லெஸ் டயருக்குள் இருக்கும் சீலன்ட் திரவம் வெயிலில் சீக்கிரம் காயும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

* அமிழ்வு: ஹெல்மெட், தண்ணீர், கருவிப் பை எல்லாவற்றோடும் ஏறி உட்காரவும். லாக் அவுட் திறந்திருக்க வேண்டும். ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்கி அளக்கவும். காற்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஷாக்கரைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி எடுத்த பிறகே மறுபடி அளக்கவும்.

* பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் குழாயில் இருந்த காற்று. ஷாக்கரிலிருந்து போனதாக நினைத்து மேலும் அடிக்க வேண்டாம்.

* ரீபவுண்ட்: உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கவும். சைக்கிள் அமிழ்ந்து, ஒரு முறை எழுந்து, அடங்கினால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடினால் வேகம் அதிகம்.

* சரியாக அமைந்த எண்களை ஒரு சீட்டில் குறித்துவைக்கவும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.