இங்கிலீஷ் மீடியத்துல அறிவியல் எடுக்கிற ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேணும்?

பொன்னமராவதி வட்டாரத்துல, அரசுப் பள்ளியில கணக்கும் அறிவியலும் எடுக்கிற ஆசிரியர்களே, இந்தக் காணொளி உங்களுக்குத்தான்.

2012-13 கல்வியாண்டுல இருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல ஒண்ணாம் வகுப்புல இருந்தே இங்கிலீஷ் மீடியம் பிரிவுகளைத் தொடங்கினாங்க. நம்ம வட்டாரத்துக் காரையூர்ப் பிள்ளைக்கு வீட்டுல தமிழ், பஸ்ஸுல தமிழ், சந்தையில தமிழ். இங்கிலீஷ் காதுல விழுற இடம் வகுப்பறை மட்டுந்தான். அங்கயும் இங்கிலீஷ்னு இருக்கிறது ஒரு பாடம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்னு இங்கிலீஷ்ல நடக்கிறது மூணு பாடம். அப்ப அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷை அதிகமாக் கொடுக்கிறது நீங்கதான். ஆனா அதுக்கான பயிற்சி உங்கள்ல பலருக்குக் கிடைக்கவே இல்ல. எல்லாப் பாடத்துலயும் மொழியை எப்படிக் கையாள்றதுன்னு பி.எட்.ல ஒரு தாள் வந்ததே, 2015-ல படிப்பு ரெண்டு வருஷமானப்பதான்.

கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், குடியேறின பிள்ளைங்களைப் பத்தி ஒண்ணு சொன்னார். பேச்சு இங்கிலீஷ் ஏறத்தாழ ரெண்டு வருஷத்துல வந்துடும். பாடப்புத்தக இங்கிலீஷ்ல மத்த பிள்ளைங்களை எட்டிப்பிடிக்க அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும். தெருவெல்லாம் இங்கிலீஷ் பேசுற ஊர்லயே அவ்வளவு காலம். அதனால நம்ம பிள்ளை ஆறாம் வகுப்புல தடுமாறினா 'மந்தம்'னு முத்திரை குத்தாதீங்க.

பயிற்சி நமக்குப் புதுசு இல்ல. 1950-களோட கடைசியில, பிரிட்டிஷ் கவுன்சில் துணையோட, மெட்ராஸ் மாநிலத்துல 27,000 ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டாங்க. முதல்ல சிலருக்கு, அவங்க மூலமா மத்தவங்களுக்கு. 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு அதுக்குப் பேர். இன்னைக்கும் மாநிலம், மாவட்டம், வட்டார வள மையம்னு படிப்படியா இறங்கி வர்றது அதே வழிதான். எண்ணிக்கை கூடும். ஆனா கடைசிப் படியில இருக்கிற ஆசிரியருக்குக் கையேடு வருது; வகுப்புல செஞ்சு பார்க்கும்போது கூட இருக்க ஒரு ஆள் வர்றதில்ல. குறை அங்கதான் இருக்கு.

கற்பிக்கிற முறையில இன்னொரு முயற்சி 1979-ல இருந்து 1984 வரைக்கும் நடந்தது. உலகம் அதை 'பெங்களூர் புராஜெக்ட்'னு சொல்லுது. சென்னையிலயும் கடலூர்லயும்கூட வகுப்புகள் நடந்துச்சு. நடத்தினவர் என்.எஸ். பிரபு. இலக்கணம் எடுக்காம, ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னாங்க. முதல்ல ஆசிரியர் வகுப்போட சேர்ந்து வாய்வழியா ஒண்ணு செய்வார். அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணைப் பிள்ளை தனியாச் செய்யணும். விடை சரியான்னுதான் பார்த்தாங்க. கருத்துல மனசு இருக்கும்போது மொழி தானா வளரும்ங்கிறது பிரபுவோட நம்பிக்கை. யோசிச்சுப் பாருங்க, இது நம்ம கணக்கு வகுப்பேதான்!

அறிவியல்ல அதை எப்படிச் செய்யலாம்னு பார்க்க, ஆவியாதல் பாடத்தை எடுத்துக்குவோம். 'சித்திரையில கண்மாய்த் தண்ணி எங்க போச்சு?'ன்னு தமிழ்லயே கேளுங்க, பேச விடுங்க. ஒரே அளவு தண்ணியைத் தட்டுல ஒண்ணும் டம்ளர்ல ஒண்ணுமா ஊத்தி வெயில்ல வைங்க. எது முதல்ல வத்தும்னு பிள்ளைங்க ஊகிக்கட்டும். பார்த்து முடிச்ச பிறகு நாலே நாலு இங்கிலீஷ் சொல்லை, பக்கத்துல படம் போட்டுப் போர்டுல எழுதுங்க. 'தி வாட்டர் இன் தி பிளேட் டிரைட் ஃபாஸ்டர் பிகாஸ்…'னு பாதி வாக்கியம் கொடுங்க. மீதியைப் பக்கத்துப் பிள்ளைகிட்ட முதல்ல சொல்லிப் பார்த்துட்டு எழுதட்டும். கடைசியா புத்தகம். தமிழ்வழிப் புத்தகத்துலயும் இதே பாடம் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வைங்க. வாசகம் முழுசையும் வரிவரியாத் தமிழ்ல சொல்லிட்டே போறதைத் தவிருங்க. அப்படிச் செஞ்சா பிள்ளை இங்கிலீஷைக் கேட்கவே கேட்காது, தமிழுக்காகக் காத்திருக்கும்.

திருத்தும்போது, தட்டுல தண்ணியோட பரப்பு அதிகம்னு புரிஞ்சு எழுதியிருந்தா மதிப்பெண் கொடுங்க. வினைச்சொல் பிசகியிருந்தா சரியான வடிவத்தைப் பக்கத்துல எழுதிக் கொடுத்தாப் போதும்.

பயிற்சி நடத்துறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஒரே பள்ளியோட இங்கிலீஷ் ஆசிரியரையும் அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. பயிற்சி முடிஞ்ச பிறகு வகுப்புக்கு வந்து, பின்பெஞ்சுல உட்கார்ந்து பாருங்க. குறை கண்டுபிடிக்க இல்ல, கூடப் பேச. ஆசிரியர்களே, அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு நீங்க எடுக்கப்போற பாடத்தைக் கொண்டு போங்க, அதுக்கான நாலு சொல்லையும் பாதி வாக்கியத்தையும் சேர்ந்து தயார் பண்ணுங்க.