இரட்டித்து வரும் செய்திகள்

பல தளங்களில் பிரசுரமாகும் கட்டுரைகளை, நாம் ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லாமலே ஓரிடத்தில் திரட்டித் தரும் ஆர்.எஸ்.எஸ். ஓடை என்னும் ஏற்பாடு, 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தோன்றி, ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்ட பின்பும் தன் அபிமானிகளை முற்றும் இழக்காமல் நிலைத்து நிற்கிறது. அதில் பழகியவர்களுக்கு ஓர் உபத்திரவம் உண்டு: நேற்று வாசித்து முடித்த கட்டுரையே, இன்று வாசிக்கப்படாத புதுச் சரக்காக மீண்டும் வந்து நிற்கும்.

உடனே ஓடையை வாசிக்கும் செயலியை நீக்கி மறுபடி நிறுவுவது பெரும்பாலும் வீண் சிரமமே. செயலி கட்டுரையின் பொருளை அறிந்து பழையது, புதியது என்று தீர்மானிப்பதில்லை. தளம் ஒவ்வொரு பதிவோடும் இணைத்தனுப்பும் 'ஜியுஐடி' என்ற அடையாளக் குறியைத்தான் சாதாரணமாகப் பார்க்கிறது. அக்குறி முன்பே கண்டதாயின் பதிவைப் பழையதென ஒதுக்கும். ஓரெழுத்து மாறியிருந்தாலும் புதியதென்று ஏற்றுக்கொள்ளும். 2002-இல் வந்த ஆர்.எஸ்.எஸ். 2.0 இக்குறியைக் கட்டாயமாக்காமல் விட்டது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம். குறியில்லாத இடத்தில் செயலி முகவரியையோ தலைப்பையோ கொண்டு அனுமானிக்க வேண்டியிருப்பதால், ஆசிரியர் தலைப்பில் ஒரு பிழையைத் திருத்தினாலே கட்டுரை மறுபிறவி எடுத்துவிடக்கூடும். 2005-இல் நியமமாக்கப்பட்ட 'ஆட்டம்' என்னும் வடிவமோ, குறி இருந்தே தீரவேண்டும், தளம் இடம்பெயர்ந்தாலும் அது மாறலாகாது என்று விதித்தது.

விதி இருந்தென்ன? கட்டுரையின் முகவரியையே குறியாக வைத்துக்கொண்ட தளம், 'எச்டிடிபி'யிலிருந்து 'எச்டிடிபிஎஸ்'ஸுக்கு மாறும் தினத்தில், ஓடையிலிருந்த பதிவுகள் அத்தனையும் ஒருசேர இரட்டித்துப் போகின்றன.

ஆகவே முதலில் இரு பிரதிகளின் முகவரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் மட்டும் வேற்றுமை தென்பட்டால், அது வாசகர் எவ்வழியாக வந்தார் என்று வேவு பார்க்கத் தளத்தார் ஒட்டும் வால் என்று கொள்ளலாம். முகவரிகள் ஒன்றாகவே இருந்தால், ஒரே தளத்தின் முழு ஓடைக்கும் அதன் ஒரு பிரிவின் ஓடைக்கும் நாமே சந்தா சேர்ந்திருக்கிறோமா என்று பார்ப்பது நலம்; பல செயலிகள் ஒவ்வோர் ஓடையையும் தனித்தனியாகவே கணக்கில் வைக்கின்றன. அங்கே ஒரு சந்தாவை நீக்கினால் தொல்லை தீரும். ஒரே ஓடையில், ஒரே குறியோடு, இருமுறை வந்தால் மட்டுமே செயலியைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. குறி நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தால் தளத்தாருக்கு எழுத வேண்டியதுதான். முகவரி மாற்றத்தால் நேர்ந்ததாயின், எல்லாவற்றையும் வாசித்ததாகக் குறித்துவிட்டால் போதும், பழைய பதிவுகள் மறுபடி தலைகாட்டா.