பழைய கணினிக்கு உயிர் கொடுப்பது யார்?

சிம் லிம் ஸ்குவேரில் கணினிப் பாகங்கள் வாங்கிக்கொண்டு, அப்படியே தேக்காவுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவது, மென்பொருள் துறையில் வேலை செய்யும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வாங்கும் பொருளின் விலை நமக்குத் தெரியும். அதை ஓடவைக்க யாரோ எங்கோ கொட்டிய உழைப்பு விலைச்சீட்டில் வருவதில்லை.

சென்ற பள்ளி விடுமுறையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, உயர்நிலை மூன்றில் படிப்பவள், ஒரு பழைய ராஸ்பெரி பை பலகையுடன் வந்தாள். கைக்குள் அடங்கும் அந்தக் கணினி 2012 பிப்ரவரியில் 35 அமெரிக்க டாலருக்கு விற்பனைக்கு வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அவள் சேர்த்த மென்பொருள் எதைத் திறந்தாலும் ‘சட்டவிரோதக் கட்டளை’ என்ற ஆங்கிலச் செய்தியோடு நின்றுவிடும். “மாமா, நான் எந்தச் சட்டத்தை மீறினேன்?” என்றாள்.

சிரிப்பு வந்தாலும் கேள்வி சரியானதுதான்.

சங்கிலித் தொடர்

லினக்ஸில் எந்த மென்பொருளும் தனியாக வருவதில்லை. திரையில் ‘கொ’ என்ற எழுத்து சரியாகத் தெரிய ஓர் எழுத்துரு வேண்டும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க ‘ஹார்ஃபஸ்’ போன்ற நிரலகம் வேண்டும். அந்த நிரலகத்துக்கு வேறு சில வேண்டும். இவற்றைச் ‘சார்புகள்’ என்கிறோம். ‘ஆப்ட்’ என்ற கருவி சங்கிலி முழுவதையும் தேடிப் பிடித்து நிறுவித் தரும்.

புதிய வகைச் சில்லுக்கு இத்தனையையும் மறுபடி கட்டுவதுதான் ‘போர்ட்’ செய்வது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தயிர் உறைய உறைமோர் வேண்டும். உறைமோருக்கு முதலில் தயிர் வேண்டும். அதுபோல, நிரல்களைக் கட்டும் கம்பைலரைக் கட்டவே ஒரு கம்பைலர் வேண்டும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல், ஏற்கெனவே இயங்கும் வேறொரு கணினியில் அதைக் கட்டிக் கொண்டுவருவார்கள்.

ஒரே பெயர், வேறு சில்லு

ராஸ்பெரி பை வந்தபோது, ‘டெபியன்’ குழுவினர் ‘ஆர்ம்ஹெச்எஃப்’ என்ற புதிய போர்ட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அது ஆர்ம் ஏழாம் பதிப்புச் சில்லுக்கானது. பையில் இருந்ததோ ஆறாம் பதிப்பு. இன்னொரு போர்ட் அதில் ஓடும். ஆனால் சில்லில் இருந்த தசமக் கணக்குப் பகுதியைப் பயன்படுத்தாததால் வேகம் குறையும்.

மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இரு தன்னார்வலர்கள் இடைவெளியை நிரப்பினார்கள். டெபியனின் மூலநிரலை எடுத்து ஆறாம் பதிப்புக்கேற்ப மறுபடி கட்டினார்கள். 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகளின் முதல் சுற்று 2012 ஜூனில் முடிந்தது. அதுதான் ‘ராஸ்பியன்’.

அந்தப் பெண்ணின் பிரச்சினையும் இங்கேதான். இணையத்தில் பார்த்து, டெபியனின் முகவரியைத் தன் பலகையில் சேர்த்திருந்தாள். இரண்டிலும் ‘ஆர்ம்ஹெச்எஃப்’ என்ற அதே பெயர்தான் இருக்கும். ஆப்ட் பெயரைப் பார்த்து அனுமதித்துவிட்டது. சில்லோ தனக்குத் தெரியாத கட்டளையைக் கண்டு நின்றது. நினைவட்டையை அழித்து, பைக்குரிய தொகுப்புகளை மட்டும் நிறுவினோம். ஒரு மாலைப் பொழுது போனது.

திரைக்குப் பூட்டு

தொகுப்புகள் கிடைத்த பிறகும் திரை மிஞ்சியது. தெளிவான காணொளியை ஓட்டிய அதே பலகையில், சன்னல்களை இழுத்தால் திக்கித் திணறும். வரைகலைப் பகுதியின் இயக்கியில் பெரும்பகுதி மூடிய மென்பொருளாக இருந்தது. உள்ளே நடப்பது தெரியாததால் வெளியார் அதைத் திருத்த முடியவில்லை.

2014 பிப்ரவரி 28ஆம் தேதி, சில்லைத் தயாரித்த பிராட்காம் அதன் வரைகலைப் பகுதிக்கான ஆவணங்களையும் மூலநிரலையும் வெளியிட்டது. அதே ஆண்டு எரிக் அன்ஹோல்ட் அந்நிறுவனத்தில் சேர்ந்து திறந்த இயக்கியை எழுதத் தொடங்கினார். அது பிறகு லினக்ஸ் கருநிரலிலேயே இடம்பெற்றது. அந்தப் பழைய பலகையில் 32-பிட் ராஸ்பெரி பை இயங்குதளம் இன்றும் ஓடுகிறது.

எல்லாக் கணினிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற புதிய சில்லு வகையை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. அதே பதிப்பில் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவி நிறுத்தப்பட்டது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சிறு கணினிப் பலகை வாங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். அதன் வரைகலை இயக்கி லினக்ஸ் கருநிரலிலேயே இருக்கிறதா, இயங்குதளத்துக்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், பிள்ளையையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியைப் பற்றிய முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.