வேண்டலும் வினாவும்: மும்பைத் தமிழ் இல்லங்களில் ஆட்டிசக் குழந்தைகளும் நடத்தைப் பகுப்பாய்வின் கலைச்சொற்களும்

முன்னுரை

மொழியியல் பயில்வோர்க்கு, ஸ்கின்னர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட மொழிசார் நடத்தை பற்றிய நூல், அதற்கு எழுந்த மறுப்பின் வழியாகவே பெரும்பாலும் அறிமுகமாகியிருக்கும். 1959இல் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரைக்குப் பின்னர் அந்நூலை மொழியியல் துறை ஒதுக்கிவைத்தது. ஆயினும் அதன் வகைப்பாடுகள் மறையவில்லை. 1968இல் பேயர், உல்ஃப், ரிஸ்லி ஆகிய மூவரும் வரையறுத்துக் காட்டிய 'பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு' என்னும் துறையில் அவை நிலைபெற்று, இன்று ஆட்டிசமுடைய குழந்தைக்குப் பேசக் கற்பிக்கும் பயிற்சியாளரின் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதப்படுகின்றன. மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு இப்பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வந்துசேர்கிறது. வீட்டில் அதைச் செயற்படுத்த வேண்டியவர் தாய். அவர் தமிழில் செய்கிறார். இடையில் மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள் எத்தகையன என்பதையும், அவற்றுள் சில குழந்தையின் பேச்சையே திசை திருப்பவல்லன என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஆட்டிசம் என்னும் பெயரே முதற் சிக்கல். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக பிளாய்லர் உருவாக்கிய இச்சொல்லை, லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றிய தம் கட்டுரையில் வேறொரு நிலைக்கு ஆண்டார். தமிழில் 'மதியிறுக்கம்' பரவலாகிவிட்டது. அரசுசார் வழக்கில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற தொடரும் உண்டு. மின்விசிறியின் சுழற்சியையும் ரயில் வரும் ஒலியையும் பிறரினும் நுட்பமாகக் கவனிக்கும் ஒரு குழந்தையைப் புற உலகச் சிந்தனையற்றது என்பது பொருந்துமா? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்நிலை பெயர்சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளது. எனவே பெயர் சான்றிதழ்வரை செல்வது. இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே வழங்கப்படுகிறது.

நடத்தை, தூண்டல், வலுவூட்டல்

'நடத்தை' என்ற சொல் உளவியற் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. ஆனால் வீட்டுத் தமிழில் அது ஒழுக்கத்தைக் குறிப்பது. நன்னடத்தைச் சான்றிதழ் என்கிறோம். நடத்தை கெட்டவர் என்கிறோம். 'உங்கள் குழந்தையின் நடத்தையை ஆராய வேண்டும்' என்று கேட்கும் தாய், தம் வளர்ப்பு குற்றஞ்சாட்டப்படுவதாகவே கொள்வார். இத்துறையின் அடிப்படைக் கோட்பாடோ அதற்கு நேர்மாறானது. செயலுக்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது என்று மட்டும் பார். நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாதே என்பதே அது. 'செயல்' என்று சொல்லிவிட்டால் இத்தொல்லையில் பாதி தீரும்.

'ஸ்டிமுலஸ்' என்பதற்குத் தூண்டல் என்பர். பயிற்சியாளர் குழந்தைக்குத் தரும் சிறு உதவியான 'பிராம்ப்ட்' என்பதற்கும் தூண்டுதல் என்றே எழுதிவிடுவதுண்டு. முன்னது குழந்தையின் முன் உள்ள உலகம்; பின்னது பெரியவர் கொடுத்துப் பின்னர்ப் படிப்படியாக விலக்கிக்கொள்ள வேண்டிய கைத்தாங்கல். இரண்டும் ஒரே சொல்லானால், 'தூண்டலைக் குறைக்கவும்' என்ற வரிக்கு, வீட்டில் ஒலியையும் ஒளியையும் குறைப்பதாகப் பொருள் கொள்ள நேரும். 'கைத்தாங்கல்' என்னும் சொல்லையே நான் பரிந்துரைப்பேன். நடைபழகும் குழந்தையைப் பிடித்துப் பின் விட்டுவிடும் வழக்கம் அதில் அடங்கியிருக்கிறது.

இவற்றினும் கேடு பயப்பது 'எதிர்மறை வலுவூட்டல்' என்ற மொழிபெயர்ப்பு. ஒரு செயலுக்குப் பின் விரும்பாத ஒன்று விலகினால் அச்செயல் பெருகும். அதுவே இதன் பொருள். பல் துலக்கும்போது குழந்தை அலறுகிறது, தாய் துலக்குவதை நிறுத்துகிறார், மறுநாள் அலறல் விரைவில் வருகிறது. அலறல் குழந்தைக்குப் பயன்பட்டது; நிறுத்தியதால் கிடைத்த அமைதி தாய்க்கும் பயன்பட்டது. ஆனால் 'எதிர்மறை' என்ற அடையைக் காண்பவர் அதைத் தண்டனை என்றே படிக்கிறார். 'கொடுத்து வலுவூட்டல்', 'விலக்கி வலுவூட்டல்' எனப் பிரித்தால் இம்மயக்கத்திற்கு இடமில்லை.

மற்றொரு சொல் 'எக்ஸ்டிங்ஷன்'. முன்பு பலனளித்த செயலுக்கு இனிப் பலன் கிடைக்காதபோது அச்செயல் மெல்லத் தேய்வது. இதை 'அழித்தல்' என்று பெயர்ப்பது கொடுமை, 'தேய்வு' போதும். தேய்வதற்கு முன் அச்செயல் சிறிது காலம் மிகும் என்பதையும் நூல்கள் எச்சரிக்கின்றன. இங்கே சொல்லைவிட இடம் முதன்மை பெறுகிறது. தாராவியில் ஒரே அறையுள்ள வீடு. சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம். அழுகையைப் பொருட்படுத்தாதிருக்கும்படி கையேடு சொல்கிறது. பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு மிட்டாயுடன் வந்துவிடுவார். எப்போதாவது கிட்டும் பலன், எப்போதும் கிட்டும் பலனைவிடச் செயலை நெடுங்காலம் நிலைநிறுத்தும் என்பது இத்துறையில் ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆகவே தனிவீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே பெயர்த்துத் தருவது, தவிர்க்க விரும்பிய விளைவையே உறுதிப்படுத்தும்.

கொளல் வினாவும் கொடை வினாவும்

மொழியியலார் கவனத்திற்குரிய பகுதி இதுவே. ஸ்கின்னர் பேச்சை வடிவத்தால் பிரிக்கவில்லை. எதனால் எழுகிறது, எதைப் பெறுகிறது என்பதால் பிரித்தார். தேவையால் எழுந்து அத்தேவையைப் பெறுவது 'மாண்ட்'. கண்டதைப் பெயர் சொல்வது 'டாக்ட்'. கேட்டதைத் திரும்பச் சொல்வது 'எக்கோயிக்'. முறையே வேண்டல், சுட்டல், எதிரொலித்தல் எனலாம். ஒரே சொல் ஒன்றில் வந்துவிட்டால் மற்றொன்றிலும் வரும் என்று கொள்ளக் கூடாது. படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் 'தண்ணி' என்று சொல்லும் குழந்தை, தாகம் எடுக்கும்போது அச்சொல்லைப் பயன்படுத்தாமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம். அதற்குச் சுட்டல் உண்டு, வேண்டல் இல்லை.

வடிவத்தையும் நோக்கத்தையும் வேறுபடுத்தும் இப்பார்வை தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக்கியது கேட்பவர் நோக்கத்தைக் கொண்டே. பெறுவதற்காகக் கேட்பது கொளல் வினா; தருவதற்காகக் கேட்பது கொடை வினா.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதுக் குழந்தையிடம் தாய் ஒவ்வொரு முறையும் 'தண்ணி வேணுமா?' என்று கேட்டுத் தண்ணீர் தருகிறார் எனக் கொள்வோம். சில மாதங்களில் குழந்தை சமையலறை வாயிலில் நின்று 'தண்ணி வேணுமா' என்கிறது. எதிரொலிப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் தாயின் கொடை வினா, குழந்தை வாயில் கொளல் வினாவாகிவிட்டது. நோக்கம் சரியாக இருக்கிறது. ஈற்றிலுள்ள ஆகாரம் மட்டுமே பிறருடையது. எனவே திருத்தும் முறையும் எளிது. கேள்வியைக் கைவிட்டு, குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தையே தாய் சொல்லித் தண்ணீர் தர வேண்டும்: 'தண்ணி வேணும்.' அடுத்து 'தண்ணி வே...' என்று நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பின்னர்க் குவளையைக் காட்டிக் காத்திருந்தாலே போதும். கைத்தாங்கல் இவ்வாறு தேய்கிறது. 'தண்ணி வேணுமா' என்றே குழந்தை சொன்னாலும் தண்ணீரை மறுக்கலாகாது. சரியான வடிவத்தைச் சொல்லிக்கொண்டே கொடுப்பது தகும்.

கானர் தம் கட்டுரையிலேயே தன்மை, முன்னிலைப் பெயர்கள் இடம் மாறுவதைக் குறித்திருந்தார். ஆங்கிலக் கையேடுகள் இதற்கெனத் தனிப் பயிற்சிகள் தருகின்றன. தமிழில் எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்பதால் மாற்றம் பெயரில் தெரியாது, வினைமுற்றில் தெரியும். 'சாப்பிட்டியா?' என்பதற்குச் 'சாப்பிட்டேன்' என்னாமல் 'சாப்பிட்டியா' என்றோ 'சாப்பிட்டே' என்றோ குழந்தை சொல்லுமாயின், மாறிய இடம் விகுதியில் இருக்கிறது. 'நான்', 'நீ' என்று மார்பைத் தொட்டுக் காட்டும் ஆங்கிலமுறைப் பயிற்சி இங்கே இலக்குத் தவறுவது. பயிற்சி விகுதியில் தொடங்க வேண்டும்.

எந்தத் தமிழ் என்ற வினாவும் எழுகிறது. தோல் தொழிலுக்கெனத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழியினர் மிகுந்த தாராவியில் ஒருவகைப் பேச்சு; தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றிய மாதுங்காவில், முதியோர் உள்ள சில இல்லங்களில் இன்றும் 'ஜலம்' என்பர். கையேட்டிலுள்ள 'தண்ணீர்' இரு இல்லங்களிலும் நாவில் வருவதில்லை. வேண்டல் என்பது கேட்பவர் உடனே புரிந்து கொடுத்தால்தான் நிலைபெறும். ஆதலால் அந்தந்த வீட்டுச் சொல்லே பாடச் சொல்லாக வேண்டும். தெருவில் 'பானி' என்பதும் பயன்படும், அதையும் கற்பிக்கலாம். ஆட்டிசக் குழந்தைக்கு ஒரு மொழி மட்டும் போதும், வீட்டில் தமிழை நிறுத்துக என்று கூறும் அறிவுரை மும்பையில் இன்றும் கேட்கப்படுகிறது. ஹாம்பிளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளிடம் அதனால் கூடுதல் மொழித்தாமதம் காணப்படவில்லை. தமிழை மட்டும் அறிந்த பாட்டி, குழந்தையிடம் பேச அஞ்சி வாய்மூடியிருப்பதே பேரிழப்பு என்பது என் கருத்து.

அடமும் மறுப்பும்

'அடம்' என்ற சொல்லைப் பெற்றோர் ஓயாது பயன்படுத்துவர். அது குழந்தையின் உள்ளத்தில் பிடிவாதம் இருப்பதாக முன்னரே தீர்மானித்துவிடுகிறது. 1985இல் கார், டுரண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, இடர்தரும் செயல் பலவேளை ஒரு கோரிக்கையின் இடத்தில் நிற்பது என்பதையும், அதே பயனைத் தரும் சொல்லைக் கற்பித்தால் அச்செயல் குறைவதையும் காட்டியது. பல் துலக்கும் நேரத்து அலறல் 'நிறுத்து' என்னும் வேண்டல். அதற்குரிய சொல்லைக் கொடுக்காமல் அலறலை மட்டும் தேய்க்க முயல்வது, குழந்தையின் ஒரே சொல்லைப் பறிப்பதாகும்.

இத்துறையின் வரலாற்றில் மறைக்கத் தகாத பகுதியும் உண்டு. லோவாஸ் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வாரம் நாற்பது மணிநேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பு நிலையை எய்தியதாகக் கூறப்பட்டது. அப்பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இடம்பெற்றிருந்தன. பிற்காலத்தார் அவற்றைக் கைவிட்டனர். ஆய்வின் வடிவமைப்பையும் குறைகூறினர். ஆட்டிசமுடைய பெரியோர் பலர், தம் இயல்பான அசைவுகளை அடக்கிக் கீழ்ப்படிதலையே கற்பித்த பயிற்சிகளைக் கடுமையாக எதிர்த்துள்ளனர். 'கம்ப்ளையன்ஸ்' என்பதைக் கீழ்ப்படிதல் என்று பெயர்க்கும்போது, தமிழ்ப் பெற்றோர்க்கு அது இயல்பான நற்பண்பாகவே ஒலிக்கும். எதிர்ப்பின் குரல் அப்பெயர்ப்பில் கேட்பதில்லை.

இங்குத்தான் ஆங்கிலத்தின் 'நோ' இடர் தருகிறது. 'குழந்தைக்கு நோ சொல்லக் கற்பிக்கவும்' என்ற வரியை 'இல்லை என்று சொல்லக் கற்பிக்கவும்' எனப் பெயர்த்தால், தோசையைத் தள்ளிவிட விரும்பும் குழந்தை 'இல்லை' என்கிறது. தோசை தீர்ந்துவிட்டது என்கிறதோ என்று பாட்டி இன்னொன்று வைக்கிறார். தமிழில் இன்மைக்கு 'இல்லை', பொருளை மறுக்க 'வேண்டாம்', அளவை நிறுத்தப் 'போதும்', செயலை மறுக்க 'மாட்டேன்', பிறரைத் தடுக்கக் 'கூடாது' என ஐந்து சொற்கள் உள்ளன. 'வேணாம்' என்பதை முதலில் கற்பிப்பது நன்று. அது சொல்லப்பட்ட கணத்தில் தட்டு விலக வேண்டும். விலகாவிடின் அச்சொல்லும் தேய்ந்துபோகும், பழைய அலறல் திரும்பும். மருந்து, சாலையைக் கடத்தல் போன்ற மறுக்கவியலாத வேளைகளில், சொல்லைக் கேட்டதாகக் காட்டி, 'வேணாமா? சரி, ஒரு வாய் மட்டும், அப்புறம் போதும்' என முடிவைச் சொல்லிவிட வேண்டும். 'மாட்டேன்' என்பது அடங்காமையின் அறிகுறியாகக் குறிப்பேட்டில் பதியப்படுவது வழக்கம். தன்மை விகுதி சரியாக அமைந்து, எவரையும் எதிரொலிக்காமல் குழந்தை தானே சொன்ன வினைமுற்றாகவும் அதைப் பதியலாம்.