கருவியின் குற்றமும் ஊழியர் கடமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நொய்யலாறு சமவெளியை எட்டும் இடத்தில் அமைந்தது தொண்டாமுத்தூர் வட்டாரம். தென்னையும் வாழையும் திராட்சையும் விளையும் இவ்வூர்களில், மருத்துவக் கருவி என்பது கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் காணும் பொருள் என்று மக்கள் எண்ணியிருந்த காலம் உண்டு. இன்று நிலைமை வேறு. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டன.

இது பெரும் பேறு. ஆயினும், இதனோடு ஒரு பொறுப்பும் வந்துள்ளது. கருவி காட்டும் எண்ணை நம்பியே மாத்திரையின் அளவு முடிவாகிறது. எண் கூடுதலாகக் காட்டினால், தேவையற்ற மருந்து உடலைத் தாக்கும்; குறைவாகக் காட்டினால், நோய் மறைந்திருந்து ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படும். எனவே, கருவியின் பிழையைக் கண்டறிந்து உரியவர்க்கு அறிவிக்கும் பயிற்சி, மருத்துவ ஊழியர் அனைவர்க்கும் இன்றியமையாதது ஆகிறது.

விற்பனைக்கு வருமுன் கருவிகள் சோதிக்கப்படுகின்றன என்பது உண்மையே. எனினும், பலர் பல நாள் பயன்படுத்திய பின்னரே சில குறைகள் தென்படும். உலோகத்தால் ஆன செயற்கை இடுப்பு மூட்டு வகை ஒன்று, 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதனைப் பொருத்திக்கொண்டவர்களுள் பலருக்கு மறு அறுவை வேண்டியிருந்ததை வெளிப்படுத்தியவை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளேயாகும். எழுதி வைத்ததனால் உண்மை புலப்பட்டது.

நம் நாட்டில் இப்பணிக்கென, மெட்டீரியோவிஜிலன்ஸ் எனப்படும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் 2015-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதன் ஒருங்கிணைப்பு மையமாக விளங்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள், 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கருவிகளை அவற்றால் நேரக்கூடிய ஆபத்திற்கேற்ப ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாக இவை பிரிக்கின்றன. எதிர்பாராத கடுந்தீங்கு நேர்ந்ததாக ஐயம் எழுந்து, அது தம் கவனத்திற்கு வந்தால், உரிமம் பெற்றோர் 15 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். ஆனால், கருவியைக் கையாளும் ஊழியர் வாய் திறவாவிடில் அச்செய்தி அவர்களை எங்ஙனம் எட்டும்?

பயிற்சியின் முதற்பாடம், கருவியின் குற்றத்தையும் கையாளுதலின் குற்றத்தையும் பிரித்தறிதலாம். திராட்சை பறித்துக்கொண்டிருந்த ஒருவர் கையைக் கழுவாது விரலை நீட்டினால், பழச்சாற்றின் இனிப்பும் சேர்ந்து சர்க்கரை மிகுதியாகக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இரத்த அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பரிசோதனைப் பட்டை பிழையான எண்ணைத் தரும். இவற்றைத் திருத்திய பின்னும் கருவி மாறுபட்ட எண்களையே காட்டுமாயின், அதனை ஐயுறல் வேண்டும். உடனே மற்றொரு கருவியால் அளந்து ஒப்புநோக்குதல் நலம்.

இரண்டாம் பாடம், சான்றைக் காத்தல். மருந்து ஏற்றும் குழாய் கசிந்தாலும், ஊசி முறிந்தாலும், முதலில் நோயாளியைப் பேணுதல் வேண்டும். பிறகு அப்பொருளைக் குப்பையில் எறியாது, பாதுகாப்பான முறையில் உறையோடு தனியே வைத்தல் வேண்டும். தயாரித்தவர் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை உறையில்தான் இருக்கும். உறையை இழந்தால் பாதி உண்மையை இழந்தவர்களாவோம்.

மூன்றாம் பாடம், அறிக்கை எழுதுதல். யாருக்கு நேர்ந்தது, எக்கருவியால், என்ன நேர்ந்தது, அறிவிப்பவர் யார் என்ற நான்கும் அதில் இன்றியமையாதவை. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியர், மருந்தாளுநர், தொழில்நுட்பப் பணியாளர் ஆகியோரும் அறிவிக்கலாம். மருத்துவக் கல்லூரிகளில் அமைந்த கண்காணிப்பு மையங்கள் வாயிலாகவோ, 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வாயிலாகவோ செய்தியைச் சேர்ப்பிக்கலாம். தீங்கு நேராமல் தப்பியிருந்தாலும் அறிவித்தல் நன்று. அடுத்தவர் தப்பாமற் போகலாம் அன்றோ?

‘அறிவித்தால் பழி நம் தலைமேல் விழுமோ’ என்ற அச்சமே ஊழியர் பலரை வாய் மூடச் செய்கிறது. இவ்வச்சம் வேண்டுவதில்லை. நோயாளியின் அடையாளம் மறைவாகக் காக்கப்படும். அறிக்கை அளித்தமையே எவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. மேலதிகாரிகளும், குறை சொல்ல வந்தவரைக் கடிந்துகொள்ளாது ஊக்குவித்தல் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால், பழுதான கருவி ஒன்றை நடுவில் வைத்து, மாதிரிப் படிவம் ஒன்றை எல்லோரும் நிரப்பிப் பழகலாம். செலவு ஒன்றுமில்லை. தொண்டாமுத்தூரில் ஒரு செவிலியர் எழுதும் சில வரிகள், முன்பின் அறியாத ஓர் ஊரில் ஓர் உயிரைக் காக்கக்கூடும். அவ்வரிகளை எழுதத் தயங்காதிருப்போமாக.