ஊவா மலைத் தோட்டங்களில் நம்பிக்கையும் அளவையும்

ஒன்றை உண்மையென்று மனிதன் கொள்வதற்கு யாது துணையாகின்றது என்னும் வினா மிகப் பழையது. வஞ்சி மாநகரிலே சமயவாதிகளை ஒவ்வொருவராக வினாவிச் செல்லும் மணிமேகலைக்கு வைதிகவாதி முதற்கண் எடுத்துரைப்பது கடவுளிலக்கணமன்று, அளவையிலக்கணமே. பத்து அளவைகளை அவன் எண்ணிக் காட்டுகின்றான். அவற்றுள் ஒன்று ஐதிகம். இன்ன மரத்திலே ஒரு பேய் உண்டென்று உலகோர் வழிவழியாகச் சொல்ல, அதனைக் கேட்டுத் தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டாகும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை நோக்கிச் செல்லும் மலைச்சாலையின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களில் அத்தகைய மரங்கள் இன்றும் உள. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காப்பது ரோதைமுனி. செடியைக் கவ்வாத்து வெட்டுங்கால் கைக்குத் தீங்கு வாராமற் காப்பது கவ்வாத்துச்சாமி. சோழ பாண்டிய நாடுகள் அறியாத இத்தெய்வங்கள், மலைநாட்டுத் தொழிலாளர் தம் உழைப்பின் அச்சத்திலிருந்து தாமே கண்டுகொண்டவை. அவற்றை எள்ளி நகையாடுவது எளிது. அந்நம்பிக்கைகள் எவ்விடத்தே அளவைக்கு உட்படுவன, எவ்விடத்தே உட்படாதன என்று பகுத்தறிவதே அரிது.

இப்பகுப்புக்குச் சைவ சித்தாந்தம் ஒரு வழி வகுத்துள்ளது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், சுபக்கத்தின் தொடக்கத்திலேயே அளவையியலை வைக்கின்றது. பலவாக விரியும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்குகின்றது. காட்சியொன்றே அளவை என்னும் உலோகாயதனைப் பரபக்கம் மறுக்கின்றது. ஆகவே கண்ணாற் காணாததெல்லாம் பொய் என்பது சைவர் கொள்கையன்று. ஆயினும், காட்சியும் கருதலும் எட்டாத இடத்திற்கே உரை வேண்டப்படுகின்றது. அவை எட்டும் இடத்தில் அவற்றோடு முரணுவதற்கன்று. இதனைச் சங்கரர் தம் கீதை உரையில் இன்னும் வன்மையாகச் சொல்லினர்: நெருப்புக் குளிரும் என்று நூறு வேதவாக்கியங்கள் கூறினும் அவை பிரமாணமாகா என்பது அவர் துணிபு. வேதத்தையே முதலாகக் கொண்ட ஓர் ஆசிரியர் இவ்வாறு எழுதினார் என்பதை, அறிவியல் மேனாட்டு இறக்குமதி என்று கருதுவோர் ஊன்றி நோக்குதல் தகும்.

ஊவாத் தோட்டங்களில் இவ்வளவை நூலுக்குச் சிறந்த சோதனைக்களம் மாரியம்மன் வழிபாடே. கோப்பிக் காலத்திலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினர். வழியிலே வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களை வாரிக்கொண்டன. எஞ்சியோர் லயங்களுக்கு அருகே முதலில் நாட்டியது மாரியம்மனுக்கு ஒரு கல்லே. மாரி என்பது மழை. மாரியே அம்மையையும் தருபவள், தணிப்பவள். தந்தவளே தணிக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஏனெனில் அக்காலத்திலே தணிக்கும் மருந்து எவரிடத்தும் இல்லை. பெரியம்மையின் கொடிய வகை பற்றியோரில் பத்துப்பேருக்கு மூவர் மாண்டனர். பிழைத்தவரை அந்நோய் மீண்டும் அணுகுவது மிக அரிது. இவ்விரண்டும் காட்சியால் அறியப்பட்டவை. பிழைத்தவரை அம்மன் தன்னவராக அடையாளமிட்டாள் என்பது அக்காட்சிமேல் எழுந்த விளக்கம்.

வழிபாட்டோடு கூடிய ஒழுக்கங்களையும் ஆராய்தல் வேண்டும். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுதல், அயலார் உட்புகாமை, நோயாளியைத் தனியே கிடத்தல், தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வீட்டார் வெளியிற் கலவாமை ஆகியன, பெயர் வேறாயினும், நோய் பரவாது காக்கும் ஒழுக்கங்களே. வேப்பிலை நோயைத் தீர்த்தது என்பதற்குச் சான்றில்லை. வேப்பிலை செருகிய வாயிலை மக்கள் கடவாமை பலரைக் காத்தது என்பதற்குக் காரணம் காட்டலாம். நம்பிக்கை தவறான காரணத்தின் பொருட்டுச் சரியான செயலைச் செய்வித்த இடம் இது. அதே நம்பிக்கை, ஊசி ஏற்றினால் அம்மன் சினப்பாள் என்று தடுத்தபோது, தவறான செயலையும் செய்வித்தது.

எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்ட மாட்டம்மைக் குத்து 1802இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தமிழ்மக்கள் அதற்கு இட்ட பெயர் அம்மைப்பால் குத்துதல் என்பது. தடுக்கவந்த பொருளிலும் அம்மையின் பெயரே நின்றது. திருக்குறளுக்கு உரையெழுதிய எல்லிசு துரை, சென்னையிலே மக்கள் இதனை ஏற்கவேண்டும் என்று விரும்பி, பழைய நூலின் சாயலில், மாட்டம்மை தெய்வத்தின் கொடையே எனப்படுமாறு ஒரு சிறு நூலைப் புனைந்தார். நோக்கம் நன்று, சான்றும் அவர் பக்கமே இருந்தது. ஆயினும் மெய்யான ஒன்றைப் பொய்யான உரையால் நிறுவ முயன்றமை அளவை நூலார்க்கு உடன்பாடாகாது. உரையளவை சொல்வோனின் வாய்மையைப் பற்றி நிற்பது. அவ்வாய்மை ஒருமுறை கெட்டால் பின்னர் அவன் கூறும் மெய்யும் ஏலாது.

இங்கே மற்றொன்று சிந்திக்கத்தக்கது. தோட்டத் தொழிலாளி அம்மைப்பாலை மறுத்தான் எனின் அவன் சான்றை மறுத்தான் என்று சொல்லிவிடல் பொருந்துமா? சான்று அவன்முன் வைக்கப்பட்டதா? மண்டபம் முகாமிலே அவன் நாட்கணக்கில் அடைக்கப்பட்டான், உடைகள் புகையூட்டப்பட்டன, கை நீட்டச் சொல்லிக் குத்தினர். குத்தியவன் அரசாங்க ஊழியன். அவனுக்குப் பின்னால் நின்றவன் கங்காணி. கங்காணிக்குப் பின்னால் நின்றது கடன். அவனைப் பொறுத்தவரை அம்மைப்பாலின் பயன் காட்சியுமன்று, கருதலுமன்று. அதிகாரத்தினர் உரை மட்டுமே. மாரியம்மனைப் பற்றி அவன் தாய் கூறியதும் உரையே. இரண்டு உரைகளுள் தன்னை அன்போடு வளர்த்தவள் உரையை அவன் பெரிதாகக் கொண்டான் என்றால் அதில் வியப்பில்லை. கற்றோரும் நுண்ணுயிரைத் தாம் கண்டு நம்புவதில்லை; கண்டவரை நம்புகின்றனர். வேறுபாடு, அக்கண்டவரின் கூற்றை ஐயுறுவோர் எவரும் மீண்டும் சோதித்துப் பார்க்க வழியுண்டு என்பதில் உள்ளது. அவ்வழி திறந்திராத இடத்தில் அறிவியலும் ஐதிகமாகவே சென்று சேரும்.

1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென அறிவித்தது. மாரியம்மன் கோயில்கள் ஒழியவில்லை. கரகம் பாலிப்பதும், காப்புக் கட்டுவதும், தேர் உலா வருவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. நோய்க்கு அஞ்சியே தெய்வத்தைப் படைத்தனர் என்போர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். அச்சத்தின் காரணம் நீங்கியபின்னும் நிற்கும் வழிபாட்டிற்கு அச்சமல்லாத வேறொரு வேர் இருத்தல் வேண்டும். உரிமையின்றி வாழ்ந்த ஒரு சமுதாயம் தனக்கென வைத்திருந்த ஒரே பொதுவிடம் கோயில் என்பது அவ்வேர்களுள் ஒன்று. எஞ்சி நிற்கும் இடர் சின்னம்மை பற்றியது. கொப்புளிப்பான் எனவும் வழங்கும் அது வேறொரு கிருமியால் வருவது. குழந்தைகட்குப் பெரும்பாலும் எளிதிற் கழியும். பெரியோர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் நுரையீரல் அழற்சியாய் முற்றக்கூடும். கொப்புளம் தோன்றிய முதல்நாளே மருத்துவரைக் கண்டால் கிருமியை அடக்கும் மருந்துண்டு. தண்ணீர் வார்க்கும் நாள்வரை காத்திருப்பின் அம்மருந்தின் காலம் கழிந்துவிடும். வேப்பிலையும் வாயிலில் இருக்கலாம், நோயாளி மருத்துவமனைக்கும் செல்லலாம். இரண்டும் முரணுவன அல்ல.

சான்றைப் புறக்கணித்தல் பாமரர்க்கே உரியது என எண்ணுவோர் மடுல்சீமையின் வரலாற்றை அறிதல் நலம். 1869இல் கோப்பி இலையில் மஞ்சட் பொட்டுக்களாய் ஒரு நோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டது இந்த ஊவா மலையிலேதான். அது காளான் இனமென்று அவ்வாண்டே அறிஞர் பெயரிட்டனர். தோட்டத் துரைமாரோ, மழை மாறினால் நீங்கும், உரமிட்டால் நீங்கும் என்று நம்பிப் புதுக்காடுகளை வெட்டிக் கோப்பியே நட்டனர். 1880இல் வந்த மார்சல் வார்டு, வித்துத்துகள் ஈர இலையில் முளைத்து இலைத்துளை வழியே உட்புகுவதைச் சோதனையாற் காட்டினார். தீர்க்கும் மருந்தை அவர் காட்டவில்லை. அதனால் அவர் கூற்று துரைமார்க்கு இனிக்கவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. துரைமார் நம்பிக்கைக்கு எவரும் மூடநம்பிக்கை என்று பெயரிட்டிலர்.

இனித் தீமிதிப்பு. நெருப்புக் குளிருமோ என்னும் சங்கரர் வினாவை, ஊவா மாகாணத்துக் கதிர்காமத்திலும் தோட்டத்துப் பூக்குழிகளிலும் மக்கள் காலாலேயே வினவுகின்றனர். காலில் கொப்புளமின்றிக் கடப்போர் பலர் என்பது காட்சி, மறுத்தற்கில்லை. காரணம் யாது என்பதே கேள்வி. எரிந்து தணலான விறகு, வெப்பநிலை மிகுந்திருந்தும், வெப்பத்தை மெல்லவே கடத்தும். மேலே படியும் சாம்பலும் அத்தன்மையதே. ஓரடி தணலிற் படும் நேரம் ஒரு விநாடியிற் பாதிக்கும் குறைவு. பாண் சுடும் போறணைக்குள் கையை நீட்டி எடுப்பவன் சுடுபடுவதில்லை. அதே போறணையிலுள்ள இரும்புத்தட்டைத் தொட்டால் தோல் உரியும். காற்றும் தட்டும் ஒரே வெப்பநிலையில் உள்ளன; கடத்தும் ஆற்றலே வேறு. பூக்குழியில் தணலுக்கு மாறாகக் காய்ச்சிய இரும்புத்தகட்டைப் பரப்பினால் எந்த விரதமும் காலைக் காவாது. உடலியல் அறிஞர் கார்லோ பொன்சேகா இதனை ஆய்ந்து 1971இல் இலங்கை மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். விரதமோ பக்தியோ இல்லாதவரும் தணலைக் கடத்தல் கூடும் என்பது பகுத்தறிவாளர் செய்துகாட்டிய செயல்களாலும் வெளிப்பட்டது. அற்புதம் செய்து நிறுவுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக ஏபிரகாம் கோவூர் 1963இல் விடுத்த அறைகூவல், 1978இல் அவர் மறையும்வரை எவராலும் வெல்லப்படவில்லை.

இவ்வளவால் தீமிதிப்பவனின் பக்தி பொய்யாயிற்றா? அவன் கூறுவதை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். என் நோன்பே என் காலைக் காத்தது என்பது உலகப்பொருள் பற்றிய கூற்று. நோன்பில்லாதவரும் கடந்தமையால் அது வீழ்ந்தது. என் குழந்தை பிழைத்தமைக்கு நன்றியாய் அஞ்சுதற்குரியதை அஞ்சாது செய்தேன் என்பது நேர்த்திக்கடன். அதனை எந்த வெப்பமானியும் அளக்காது. இடர் விளைவது இரண்டும் மயங்கும்போதே. கால் சுடாவிடின் அம்மன் அருள், சுட்டால் விரதக்குறை என்னும்போது எந்நிகழ்ச்சியும் அக்கூற்றைப் பொய்ப்பிக்க இயலாதாகின்றது. பொய்ப்பிக்க இயலாத கூற்றுக்கு மெய்ப்பிக்கப்பட்டது என்னும் சிறப்பும் உரியதன்று. அதனினும் கொடியது, புண்பட்ட கால்களோடு ஒரு பெண் மருந்துக்குச் செல்ல நாணி லயத்துக் காம்பராவில் கிடத்தல். நோவோடு பழியும் அவள்மேல் ஏறுகின்றது.

மாரி மழையாகவும் வருகின்றாள் என்பது முன்னர்க் கூறப்பட்டது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த சிறுவர் சிலர் திரும்பிவந்து பெற்றோரையும் காணாராயினர், வீட்டையும் காணாராயினர். விதி என்றும் தெய்வக்குற்றம் என்றும் பேச்சு எழுவது இத்தகைய இடங்களில் இயல்பே. ஆனால் இவ்விடம் அபாயமானது, மக்கள் வேறிடம் பெயர்தல் வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. நிலவெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, காரணமின்றி இறுகும் கதவு ஆகியன மலை அசைவதன் அடையாளங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்கவும், 100 ஆயின் புறப்பட ஆயத்தமாகவும், 150 ஆயின் வெளியேறவும் அந்நிறுவனம் அறிவுறுத்துகின்றது. புகையிலிருந்து நெருப்பை உணரும் கருதலளவை இதுவே. அன்று அது தவறவில்லை.

தவறியது வேறு. லயத்துக் காம்பரா தொழிலாளியினது அன்று, தோட்டத்தினது. பெயர்க என்றவர் எங்கே பெயர்வது என்பதற்கு நிலம் காட்டவில்லை. காலைப் பெரட்டுக்குச் செல்லாவிடின் நாட்கூலி இல்லை. இந்நிலையில் தங்கியிருந்தவரை எச்சரிக்கையை நம்பாதவர் என்று கூறுதல் நேர்மையன்று. நம்பியும் செல்ல வழியற்றோர் அவர்களுள் இருந்திருப்பர். சான்றை அறிதலுக்கும் சான்றின்படி நடத்தலுக்கும் இடையே ஒரு துண்டு நிலம் வேண்டியிருந்தது. தப்பியோர் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்க வைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பூனாகலைப் பக்கத்து மகல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலே. முதல் எச்சரிக்கை பிறந்து அப்பொழுது பதினோராண்டுகள் ஆகியிருந்தன.