பள்ளிக்குச் செல்லும் பாதை

ஒப்புரவை நாம் பலவேளைகளில் அருட்சாதனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தெருவிலும் அது தொடர வேண்டும் என்பதை ஒரு தொடக்கப்பள்ளி நமக்கு உணர்த்துகிறது.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் உள்ளது திருச்சிலுவை பெண்கள் தொடக்கப்பள்ளி. இது கத்தோலிக்கப் பள்ளி. ஆனால் அமைந்திருப்பதோ சீர்திருத்த சபையினர் வாழும் பகுதியில். 2001 செப்டம்பர் 3 அன்று பள்ளி திறந்தபோது, 4 முதல் 11 வயது வரையான சிறுமியர் வசைமொழிகளுக்கு நடுவே, காவலர் பாதுகாப்புடன் நடந்தனர். 5ஆம் தேதி வெடிகுண்டும் வீசப்பட்டது. பள்ளி ஆட்சிக்குழுத் தலைவரான அருட்தந்தை எய்டன் டிராய் அவர்களோடு உடன் நடந்தார்.

அச்சத்திலும் பிள்ளையின் கைபிடித்து நடந்த பெற்றோரிடம் நாம் நம்பிக்கையைக் காண்கிறோம். பிறரன்போ அதைவிடக் கடினமானதைக் கேட்கிறது. தங்கள் வீடுகள் தாக்கப்படுவதாக எதிரே நின்றவர்களும் முறையிட்டனர். சிறுமியரை அச்சுறுத்தியதை அது எவ்விதத்திலும் நியாயப்படுத்தாது. ஆயினும் அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றியும் பேசிய பின்னரே, நவம்பர் 23 அன்று போராட்டம் நிறுத்தப்பட்டது. 2002 சனவரியில் அப்பகுதியில் மீண்டும் கலவரம் மூண்டது. ஒப்புரவு ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை.

நம் பங்குப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் சண்டை பெற்றோரின் பகையாக மாறுவதுண்டு. மறைக்கல்வி வகுப்பில் மன்னிப்பைக் கற்பிக்கும் நாம், பள்ளி வாசலில் யாரைக் கண்டும் காணாமல் செல்கிறோம்? பிள்ளைகள் அதையும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நாளைக் காலை அவரிடம் நாமே முதலில் பேசுவோம். அவருடைய மனக்குறையைப் பொறுமையுடன் கேட்போம்.